மூன்று பிளாஸ்திரிகளும் ஒரு பச்சைக் குடமும்

1

இந்தக் கதையின் முதல் வாக்கியம் என்னுடையதல்ல, திருடியது. பின்னால் தெரிந்து நீங்கள் முகம் சுளிப்பதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது எனக்கு நல்லது. தொண்ணூற்றைந்தாம் வருடக் கோடையில், தாம்பரம் போகும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டிக்கும் பொதுப் பெட்டிக்கும் நடுவிலிருந்த கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அம்மாளின் குரல் கேட்டது.

"மூணே மூணு பிளாஸ்திரி. அதுக்குப் போயி மூணு மாசம் ரெஸ்ட்டாம்!"

அவ்வளவுதான். சானடோரியம் ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது, குரல் அமுங்கிப்போனது. அந்த அம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னாலேயே இறங்கிப் போய், விஷயத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். தெரியாமல் போனதால் எழுத வேண்டியதாயிற்று.

பிளாஸ்திரி என்றால் ஆபரேஷன். மூன்று பிளாஸ்திரி என்றால் வயிற்றில் மூன்று சின்னத் துளை. கேமராவை உள்ளே விட்டு, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே செய்யும் அந்தப் புது முறை அப்போதுதான் நம் புறநகர்ப் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. மூன்று மாதம் என்றால்? இந்த ஊரில் கல்யாணமான பெண்ணுக்கு, பிரசவம் தவிர்த்து, மூன்று மாதம் படுத்திருக்க அனுமதி கிடைப்பது ஒரே ஒரு ஆபரேஷனுக்குத்தான். ஆகவே கர்ப்பப்பை. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள் பல எழுதிப் பார்த்தேன்.

"கர்ப்பப்பை என்பது கைப்பிடியளவு தசைதான்; ஆனால் அதன்மீது நம் சமூகம் ஏற்றி வைத்திருக்கும் பாரம்..."

இது கட்டுரை. அடித்துவிட்டேன். பாரம் வரும், ஆனால் அது பிளாஸ்டிக் குடத்தில் வரும்.

"சேலையூரில் அன்று காலையிலேயே வெயில்..."

எல்லோர் கதையிலும் வெயில் அடித்தாகிவிட்டது.

"சாமுண்டீஸ்வரி கண் விழித்தபோது அவளுக்கு வலித்தது வயிறு இல்லை, தோள்."

இது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் ஏன் தோள், எதற்கு ஆபரேஷன், யார் இந்தச் சாமுண்டீஸ்வரி என்று கதையைப் பின்பக்கமாகவே ஓட்ட வேண்டும். கேம்ப் ரோட்டில் ரிவர்ஸ் எடுக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் நின்று கண்டக்டர் "வரலாம், வரலாம்" என்று தட்டிக்கொண்டிருப்பாரே, அந்த வேலை எனக்கு வேண்டாம். நேராகவே போகிறேன். அந்த வாக்கியம் தன் முறை வரும்போது வரட்டும்.

3

சாமுண்டீஸ்வரிக்கு நாற்பத்து நாலு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஊரில் யார் யாருக்கோ அவசரமாகப் பேச வேண்டியதை எல்லாம் பொறுமையாக இணைத்து வைப்பவள். வீடு சேலையூரில், ஒரு தெருவின் நடுவில், முதல் மாடி.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் அவளுக்குச் சாதுவான பெயர் ஒன்று வைத்திருந்தேன். நாலு பக்கம் தாண்டுவதற்குள் அவள் எதற்கெடுத்தாலும் கண் கலங்க ஆரம்பித்துவிட்டாள். பெயரை மாற்றினேன். அழுகை நின்றது.)

கணவர் பக்தவச்சலம், இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருக்கிறார். இவரை வில்லனாக்கிவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. கதை சுலபமாக நகரும். ஆனால் மனிதர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அதிர்ந்து பேசமாட்டார். குடிக்க மாட்டார். மனைவி மேல் கை நீட்டியது கிடையாது. வீட்டில் வேறு எதன் மேலும் கை நீட்டியது கிடையாது என்பதுதான் விஷயம். மகன் ரவி, காலேஜில் இரண்டாம் வருடம். உடம்பை ஏற்ற வேண்டும் என்று பம்மலில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி இரும்பில் டம்பெல்ஸ் கடைந்து வாங்கி வந்திருக்கிறான். தினமும் காலையில் மொட்டை மாடியில் "ஹும்... ஹும்..." என்று சத்தம் கேட்கும்.

அதே நேரத்தில் கீழே தண்ணீர் லாரியின் ஹாரனும் கேட்கும்.

கிணற்றுத் தண்ணீர் உப்பு. பருப்பு வேகாது, காபி திரிந்துபோகும். நல்ல தண்ணீர் லாரியில்தான். தெரு முனையில் குடங்கள் முன்கூட்டியே வரிசையில் போய் நிற்கும். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. வரிசைக்குக் காவல், நீதிபதி, வக்கீல் எல்லாம் முனை வீட்டுக் கன்னியம்மா. சாமுண்டீஸ்வரியின் குடம் பச்சை. அதை நிரப்பி, இடுப்பில் ஏற்றி, செங்குத்தான மாடிப்படி ஏறி, அடுக்களையில் கொட்டிவிட்டு மறுபடி இறங்குவாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான். வேறு யாரும் வந்து தூக்கியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை. எனக்கும் அப்படி எழுதியதாக ஞாபகம் இல்லை.

நாலு வருடமாக அவளுக்கு ரத்தப்போக்கு. மாதத்தில் எந்த நாள் வரும், எந்த நாள் நிற்கும் என்று கணக்கே இல்லை. நல்ல நிறத்தில் புடவை எடுப்பதை விட்டுவிட்டாள். பீரோவைத் திறந்தால் அரக்கு, கருநீலம், காப்பிக்கொட்டை நிறம். யார் வீட்டிலும் சோபாவில் உட்காரமாட்டாள். எக்ஸ்சேஞ்சில் நாற்காலியில் பேப்பரை மடித்துப் போட்டு உட்காருவாள். இதை அவள் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

ஒரு நாள் காலை, நிறை குடத்தோடு படியில் ஏறிக்கொண்டிருந்தபோது காலில் சூடாக இறங்கியது. கண் இருட்டியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குடம் உருண்டு படிப்படியாகக் குதித்துத் தெருவரைக்கும் போயிற்று. சத்தம் கேட்டு பக்தவச்சலம் ஓடி வந்தார்.

"ஐயையோ! தண்ணி பூரா போச்சா?"

இதை அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிஜமாகவே பதறிப்போய்த்தான் கேட்டார். அதனால்தான் சாமுண்டீஸ்வரிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே டாக்டரிடம் போனாள்.

4

டாக்டர் மிஸஸ் வேதசிரோமணி கேம்ப் ரோட்டில் சின்னதாக ஒரு நர்சிங் ஹோம் வைத்திருந்தார். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"கர்ப்பப்பையில கட்டி இருக்கு. கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. ஆனா இத வெச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு ரத்தத்தைக் கொட்டப் போறீங்க? எடுத்துடலாம். இப்ப வயித்தைக் கிழிக்க வேண்டியதில்ல. மூணு சின்ன ஓட்டைதான், கேமரா வெச்சுப் பாத்துக்கிட்டே பண்ணிடலாம். ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். பத்து நாள்ல உக்காந்து பாக்கற வேலைக்குக்கூடப் போகலாம். ஆனா மூணு மாசத்துக்கு வெயிட் மட்டும் தூக்கக் கூடாது."

பக்தவச்சலம் "பத்து நாள்" என்ற இடத்திலேயே கேட்பதை நிறுத்திக்கொண்டார். "பாத்தியா, சயின்ஸ் எங்கேயோ போயிடுச்சு!" என்றார். வழியெல்லாம் தெரிந்தவர்களிடம் பத்தே நாள், பத்தே நாள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சாமுண்டீஸ்வரி பேசாமல் வந்தாள்.

அவள் ஏன் பேசவில்லை என்பதற்கு அவள் நாத்தனாரை இங்கே கொண்டுவர வேண்டும். ஞானாம்பாள், பக்தவச்சலத்தின் அக்கா, பம்மலில் இருக்கிறாள். பத்து வருடத்துக்கு முன்னால் அவளுக்கும் இதே ஆபரேஷன் நடந்தது, பழைய முறையில். தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் "அடியம்மா!" என்றார்கள். மூன்று மாதம் ஞானாம்பாள் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடவில்லை. போட யாரும் விடவில்லை. இன்றைக்கும் எந்தச் சண்டையிலும் "வயித்தைக் கிழிச்சுத் தெச்சவ நானு" என்று அவள் ஆரம்பித்தால் எதிராளி எழுந்து போய்விட வேண்டியதுதான்.*

* கல்யாண வீடுகளில், புடவை மாற்றுகிற அறையில், பெண்கள் தழும்புகளைக் காட்டிக்கொள்வார்கள் என்று எனக்குச் சொன்னவர் ஒருவர் உண்டு. நீளமான தழும்புக்கு நீளமான ஓய்வு, குட்டையானதற்குக் குட்டை. எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, எல்லா வீட்டிலும் அமலில் இருக்கிறது.

சாமுண்டீஸ்வரி நாலு வருடமாக ஒரு ஆசையை வளர்த்து வைத்திருந்தாள். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. காலையில் லாரி ஹாரன் அடிக்க வேண்டும், அப்போது அவள் படுத்திருக்க வேண்டும். ஹாரனைக் கேட்டுக்கொண்டே, எழுந்திருக்காமல், புரண்டு படுக்க வேண்டும். எழுந்திரு என்று யாரும் சொல்லக் கூடாது. ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் அவளுக்கு முதலில் தோன்றியது பயம் இல்லை, இந்தக் காட்சிதான். மூன்று சின்ன ஓட்டை என்றதும் அது கலைந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்துத் தனியாக நர்சிங் ஹோமுக்குப் போனாள்.

"டாக்டர், எனக்குப் பழைய மாதிரி பெரிசாவே வெட்டிடுங்களேன்."

மிஸஸ் வேதசிரோமணி பேனாவை மூடி வைத்தார். "என்னம்மா இது? எல்லாரும் சின்னதா வெட்டுங்கன்னு வருவாங்க."

"பெரிசா வெட்டினா மூணு மாசம் ரெஸ்ட் கிடைக்கும். எங்க நாத்தனாருக்கு அப்படித்தான் கிடைச்சுது."

"சின்னதா வெட்டினாலும் அதே மூணு மாசம்தான். வாசல்தாம்மா சின்னது. உள்ள அறுக்கறது, கட்டறது, தைக்கறது எல்லாம் அதே அளவு. உங்க நாத்தனாருக்கு உள்ள எவ்வளவு புண்ணோ, உங்களுக்கும் அவ்வளவு புண்ணு."

"எனக்குப் புரியுது டாக்டர். எங்க வீட்ல வெளிய தெரியறதத்தான் பாப்பாங்க."

[இங்கே கதை இரண்டாகப் பிரிந்தது. அவள் பிடிவாதமாகப் பெரிய வெட்டே கேட்டு வாங்கிக்கொள்வதாக ஒரு நாள் முழுக்க எழுதினேன். படிப்பவர்கள் உச்சுக்கொட்டியிருப்பார்கள். கிழித்துப் போட்டேன். படுத்துத் தூங்குவதற்காக ஒரு பெண் தன் வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொல்லும் கதையை இன்னொருவர் எழுதட்டும். என் சாமுண்டீஸ்வரி அவ்வளவு அசடு இல்லை.]

மிஸஸ் வேதசிரோமணி சிரித்தார்.

"ஆபரேஷன் பூராவும் டி.வி.ல ஓடும். அத அப்படியே கேசட்ல பிடிச்சுத் தந்துடறேன். வெளிய தெரியறதத்தான் பாப்பாங்கன்னா, உள்ள இருக்கறதையே வெளிய கொண்டுவந்து காட்டுங்க."

5

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இதில் திடுக்கிடும் திருப்பம் எதுவும் வைப்பதாக இல்லை. ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை, கரண்ட் போய்விட்டது என்றெல்லாம் எழுத எனக்கும் தெரியும். ஆனால் மிஸஸ் வேதசிரோமணி கைகாரி. வயிற்றுக்குள் காற்றை ஏற்றி உப்ப வைத்து, தொப்புள் வழியாகக் கேமராவை விட்டு, பக்கத்துத் துளைகளில் கருவிகளை விட்டு, திரையைப் பார்த்தபடி ஒவ்வொரு பிடிப்பாக விடுவித்தார். பையைக் கீழ் வழியாகவே எடுத்துவிட்டார். சாமுண்டீஸ்வரி தூங்கிக்கொண்டிருந்தாள். காலை நேரத்தில் அவளை ஒருவரும் எழுப்பாத தூக்கம் பல வருடங்களில் அதுதான் முதல்.

இப்போது அந்த வாக்கியத்தின் முறை.

சாமுண்டீஸ்வரி கண் விழித்தபோது அவளுக்கு வலித்தது வயிறு இல்லை, தோள்.

"உள்ள விட்ட காத்து மிச்சம் இருக்கும்மா, அது தோள்ல வந்து காட்டும். ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றாள் நர்ஸ்.

பக்தவச்சலம் நம்பவில்லை. "வயித்துல ஆபரேஷன், தோள்ல வலியா? பஸ்ல கம்பியப் பிடிச்சுத் தொங்கினது இப்பத் தெரியுது போல" என்றார்.

6

அன்று மாலை, நர்சிங் ஹோம் கட்டிலில் படுத்தபடி அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் உடம்பிலிருந்து தாய்மையின் இருப்பிடமே பெயர்த்தெடுக்கப்பட்டுவிட்டது என்ற நினைப்பில் அவள் நெஞ்சுக்குள் ஒரு வெறுமை...

(வேண்டாம். இந்த வாக்கியத்தை எழுதி முடிக்க அவள் என்னை விடவில்லை. நாலு வருடம் பேப்பர் மேல் உட்கார்ந்தவளுக்கு வெறுமையாவது ஒன்றாவது. அவள் நினைத்துக்கொண்டிருந்தது சந்தன நிறத்தில் ஒரு புடவை எடுப்பதைப் பற்றி. மெல்லிய கரை போதும். அதைக் கட்டிக்கொண்டு யார் வீட்டுக்காவது போய், நல்ல பெரிய சோபாவாகப் பார்த்து, நன்றாகச் சாய்ந்து உட்கார வேண்டும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அப்படியே எழுதிவிடுகிறேன்: சந்தோஷமாக இருந்தது.)

7

வீட்டுக்கு வந்தாயிற்று. பக்தவச்சலம் ஆபீசுக்கு லீவு போட்டார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்தப் பத்து நாளும் பச்சைக் குடத்தை அவர்தான் தூக்கினார். தோளில் துண்டு போட்டுக்கொண்டு, படியில் பாதியில் குடத்தை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் "பத்து நாள்தான் சார், பத்து நாள்தான்" என்று சொல்லிக்கொண்டு தூக்கினார். கன்னியம்மா அவரை வரிசையில் பார்த்துவிட்டு, "இன்னா சார், நீ வந்துகினு கீற? அக்காவுக்கு இன்னா ஆச்சு?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தாள். அவர் வெட்கப்பட்டார். ஆனாலும் தூக்கினார்.

பத்தாம் நாள் சாயங்காலம் குடத்தைக் கழுவி, வாசற்படியோரம் கவிழ்த்து வைத்தார். கடமை முடிந்த முகம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, உடம்பு விசாரிக்க ஆள் வந்தது. நீங்களும் வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளில்லாமல் எனக்குக் கூடம் நிரம்பவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கி வந்திருக்கிறீர்கள், சந்தோஷம். அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காருங்கள், வாசலுக்குப் பக்கத்தில். காபி வந்துவிடும். போட்டது ரவி, கொஞ்சம் தண்ணியாக இருக்கும், கண்டுகொள்ளாமல் குடித்துவிடுங்கள்.

ஞானாம்பாள் பம்மலிலிருந்து வந்து நேராக உள்ளறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். இது சடங்கு, தழும்பைப் பார்ப்பது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தவளின் முகம், சினிமாவுக்கு டிக்கெட் வாங்கி இடைவேளையிலேயே படம் முடிந்துபோன மாதிரி இருந்தது.

"என்னடா வச்சலம் இது? மூணே மூணு பிளாஸ்திரி! எனக்கு மூக்கு குத்தின காயம்கூட இதவிடப் பெரிசா இருந்துச்சு. இதுக்கா டாக்டர் மூணு மாசம் எழுதியிருக்கா?"

"டாக்டருங்க அப்படித்தான்க்கா. எதுக்கும் கூட்டித்தான் எழுதுவாங்க" என்றார் பக்தவச்சலம்.

சாமுண்டீஸ்வரி அறை வாசலில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. தப்பான நம்பர் கேட்பவர்களிடம் பேசுகிற அதே நிதானத்தில் மகனைக் கூப்பிட்டாள்.

"ரவி, வீடியோ கடைக்குப் போயி டெக் எடுத்துக்கிட்டு வா. படம் எதுவும் வேணாம். கேசட் நம்மகிட்டயே இருக்கு."

8

எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரையில் முதலில் கோடுகள் ஓடின. பிறகு ஈரமாக, இளஞ்சிவப்பாக, பளபளவென்று ஓர் இடம். சத்தமே இல்லை. இரண்டு பக்கமிருந்தும் மெல்லிய கம்பிகள் நீண்டு வந்தன.

"இது யாரு?" என்றார் பக்தவச்சலம்.

"நான்தான்."

கம்பி ஒரு ரத்தக் குழாயைப் பிடித்தது. பிடித்த இடம் வெளுத்தது, லேசாகப் புகை வந்தது, கத்திரி அதை அறுத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. கட்டியோடு வீங்கிக் கிடந்த அந்தப் பை ஒவ்வொரு கட்டாக அவிழ்ந்துகொண்டே வந்தது. பக்தவச்சலம் தன் கால் கட்டைவிரலைப் பார்க்க ஆரம்பித்தார். ரவி, "மாடியில துணி காயுது" என்று எழுந்து போய்விட்டான். இரும்பு தூக்குகிற பையன்.

சாமுண்டீஸ்வரி கண் கொட்டாமல் பார்த்தாள். தன்னைப் பற்றி இவ்வளவு நேரம் ஓடுகிற எதையும் அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. கல்யாண போட்டோவில்கூட அவளுக்குப் பாதி முகம்தான்.

ஞானாம்பாள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில், டி.வி.க்கு மிக அருகில் போய் உட்கார்ந்தாள். ஆழத்தில், பை இருந்த இடத்தில், வரிசையாகத் தையல் போட்டது தெரிந்தது. படம் முடிந்து திரை நீலமாகியது.

"திரும்பப் போடு" என்றாள்.

சாமுண்டீஸ்வரி மறுபடி ஓட விட்டாள். இந்தத் தடவை பாதியிலேயே ஞானாம்பாள் கேட்டாள்.

"எனக்கும் இப்படித்தான் பண்ணியிருப்பாங்களா?"

"இதேதான் அண்ணி."

"இத்தனை எடத்துல அறுத்தா?"

"இத்தனை எடத்துலதான்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லலடி. எடுத்தாச்சுன்னாங்க, அவ்வளவுதான். பத்து வருஷமா நான் மேல இருக்கற கோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். வலிச்சதெல்லாம் உள்ள, நான் பாத்ததெல்லாம் வெளிய." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஊரையே தன் தழும்பால் அடக்கி வைத்திருந்த ஞானாம்பாள் தரையில் உட்கார்ந்து விசும்பினாள். சாமுண்டீஸ்வரி குனிய முடியாமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் தலையில் கை வைத்தாள். அந்த நிமிஷம் அவர்கள் இருவர் மேலும் எனக்கு ரொம்பப் பிரியம் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

போகும்போது ஞானாம்பாள் வாசலில் கவிழ்ந்திருந்த குடத்தைக் காலால் லேசாகத் தள்ளிக் காட்டினாள்.

"டேய் வச்சலம், மூணு மாசத்துக்கு இவ இதத் தொடக் கூடாது. சொல்லிட்டேன்."

"சரிக்கா."

(இந்தச் "சரிக்கா"வை எழுதும்போது அவர் முகத்தைக் கூர்ந்து கவனித்தேன். ஆபீசில் மேலதிகாரியிடம் சொல்கிற "சரி சார்" மாதிரியும் இருந்தது. உள்ளே எதுவோ பட்டுவிட்டவன் சொல்கிற மாதிரியும் இருந்தது. நான் படைத்த ஆள்தான். எனக்கே பிடிபடவில்லை.)

9

முடிவுகள்.

முதல் முடிவில் பக்தவச்சலம் திங்கட்கிழமை காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "இனிமே குடம் என் பொறுப்பு" என்கிறார். பின்னணியில் வீணை கேட்கிறது. எழுதி முடித்துப் படித்தபோது அரசாங்க விளம்பரப் படம் மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

இரண்டாவதில் அவர் ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறார், சாமுண்டீஸ்வரியே குடத்தை எடுக்கிறாள். பல வீடுகளில் நடப்பது இதுதான், எனக்குத் தெரியும். உண்மைக்கு நெருக்கமானது என்று இதை மெச்சிக்கொள்ளவும் ஆள் இருக்கும். ஆனால் அவள் குனிகிற இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். உள்ளே அந்தத் தையல் வரிசையை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். பார்த்த பிறகு தூக்க வைக்க முடியாது.

மூன்றாவதில் கன்னியம்மா மேலே கொண்டுவந்து கொடுக்கிறாள். இது எல்லோருக்கும் சௌகரியம். கன்னியம்மாவுக்கும் ஒரு இடுப்பு உண்டு, அதற்குள்ளும் ஒரு கர்ப்பப்பை உண்டு, அதை எந்த கேமராவும் பார்த்ததில்லை என்பதை மட்டும் மறந்துவிட்டால் போதும். எனக்கு மறக்கவில்லை.

நாலாவதில் தெருவுக்குக் குழாய் வந்துவிடுகிறது. அது முடிவல்ல, தேர்தல் வாக்குறுதி.

10

ஆகவே திங்கட்கிழமை காலை.

சாமுண்டீஸ்வரி விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். தெரு முனையில் லாரி ஹாரன் அடிக்கிறது. நாலு வருடம் ஆசைப்பட்ட சத்தம். அவள் அதைக் கேட்டுக்கொண்டே, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெதுவாக மறுபக்கம் புரண்டு படுக்கிறாள்.

"டெலிபோன்கா!" கன்னியம்மாவின் குரல் மாடிவரை வருகிறது. "லாரி வந்துகினு கீது! உன் கொடம் எங்கக்கா? லைன்ல காணோமே?"

பக்தவச்சலம் கண்ணாடி முன்னால் நிற்கிறார். முகத்தில் பாதி சோப்பு நுரை, பாதி மழித்தது. ஹாரன் அவர் காதில் விழுந்துவிட்டது. ரேஸர் அப்படியே நிற்கிறது. மொட்டை மாடியில் "ஹும்" சத்தமும் நின்றிருக்கிறது. இரண்டு பேரும் அடுத்தவர் போவாரா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் எழுந்திருக்க மாட்டாள். இது ஒன்றை மட்டும் நான் முடிவாகச் சொல்லிவிட்டேன்; இதில் பேச்சுக்கே இடமில்லை. அதற்கு மேல் என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. எனக்கு எழுதுகிற வேலை இருக்கிறது, கை ஒழியவில்லை.

நேற்று வந்த நீங்கள் போகிறேன் என்று சொல்லவே இல்லை. அந்தப் பிரம்பு நாற்காலியில்தான் இன்னும் இருக்கிறீர்கள். நீங்கள் பெண்ணாக இருந்தால் ஹாரன் கேட்டதுமே பழக்க தோஷத்தில் பாதி எழுந்திருப்பீர்கள், தயவுசெய்து உட்காருங்கள். ஆணாக இருந்தால், உங்களோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில் ஏன் நாற்காலி போட்டேன் என்று இப்போது தெரிந்திருக்கும். குடம் உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது. பச்சை. நேற்று நீங்கள் குடித்த காபி அதில் வந்த தண்ணீரில் போட்டது.

படி கொஞ்சம் செங்குத்துதான். பாதியில் வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். லாரி ரொம்ப நேரம் நிற்காது.